சசெட்டாவின் ஏழு படங்கள்: லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகிறவர்களுக்கு

நேஷனல் கேலரிக்கு வருகிற கூட்டத்தில் பாதி வான்கோவின் சூரியகாந்திப் பூக்களைத் தேடித்தான் போகிறது. என்னைக் கேட்டால், முதலில் அதன் செயின்ஸ்பரி விங் என்ற பகுதியின் மாடிக்கு ஏறி, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் சசெட்டா வரைந்த அசிசி புனித பிரான்சிஸ் படங்களைத் தேடிப் பிடியுங்கள். நுழைவு இலவசம்.

மொத்தம் ஏழு படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 87 செ.மீ. உயரம், 52 செ.மீ. அகலம். இத்தாலியில் சான்செபோல்க்ரோ ஊரின் பிரான்சிஸ்கன் கோயிலுக்காக 1437 முதல் 1444 வரை சியன்னா நகரில் உட்கார்ந்து அவர் செய்த பெரிய பீடப்படத்தின் (கோயில் பீடத்தின் மேல் வைக்கும் ஓவியத்தின்) பகுதிகள் இவை. படத்தின் முன்பக்கம் மக்களுக்கு: மாதாவும் குழந்தையும். பின்பக்கம், பாடகர் இடத்தில் அமர்ந்து செபிக்கும் துறவிகளுக்கு: நடுவில் கைவிரித்து நிற்கும் பிரான்சிஸ், சுற்றி அவர் வாழ்க்கையின் எட்டுக் காட்சிகள். தங்கள் சபையைத் தொடங்கியவரைத் தினமும் பார்த்துக்கொண்டே செபிக்கிறவர்களுக்காக வரைந்தது என்று தெரிந்துகொண்டு நின்றால், ஒவ்வொரு முகமும் வேறு மாதிரி பேசும்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிரான்சிஸ் கதை சொல்பவள் நான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் நகர மறுத்த இடம், இத்தாலியின் குப்பியோ ஊர் ஓநாய் படம். ஊரையே நடுங்க வைத்த ஓநாயோடு பிரான்சிஸ் உடன்படிக்கை செய்கிறார்: ஊர் அதற்குச் சாப்பாடு போடும், அது யாரையும் தொடாது. சசெட்டா இதில் ஒரு பத்திர எழுத்தரை உட்கார வைத்துவிட்டார்! பேனாவும் காகிதமுமாக அவர் எழுத, பிரான்சிஸ் ஓநாயின் முன்காலைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். மதில் மேலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பின்னால் காட்டுப் பாதையில் எலும்புகளும் கடித்துப்போட்ட உடல் துண்டுகளும் கிடக்கின்றன. "டீச்சர், அங்க கால் கிடக்கு" என்று ஒரு பையன் காட்டினான். அந்தக் கொடூரத்தை மறைக்காமல் வைத்ததால்தான் இந்தச் சமாதானத்தின் எடை தெரிகிறது. என் பாடத்திலும் இப்போது அந்த எலும்புகளை விடாமல் சொல்கிறேன்.

முதல் காட்சியில் ஒரே சட்டத்துக்குள் இரண்டு நேரங்கள்: ஏழை வீரனுக்குத் தன் உடையைக் கொடுப்பவரும் பிரான்சிஸ், தூங்கிக் கனவு காண்பவரும் பிரான்சிஸ். அவர் காணும் கோட்டை கொடிகளோடு ஆகாயத்தில் மிதக்கிறது. தந்தையைத் துறக்கும் காட்சியில், மகன் கழற்றிக் கொடுத்த துணியோடு பாயப் பார்க்கும் அப்பாவை ஒருவர் இழுத்துப் பிடிக்கிறார். ஆயர் (பிஷப்) தன் மேலாடையால் மகனை மூடுகிறார். அந்த அப்பாவின் கோபம் நம் வீடுகளில் பார்க்கிற கோபமேதான். திருத்தந்தை (போப்) சபையை ஏற்பதும் சுல்தான் முன்னே நெருப்பில் இறங்குவதும் நன்றாகவே இருக்கின்றன; ஆனாலும் என் மனம் ஐந்து காய வரத்துக்கும் (இயேசுவின் ஐந்து காயங்களைப் பிரான்சிஸ் தன் உடலில் பெறும் காட்சி) அவருடைய இறுதி அடக்கத்துக்கும்தான் போகிறது.

பீடப்படம் பிற்காலத்தில் துண்டாகிப் பிரிந்துவிட்டது. எட்டாவது காட்சி பிரான்ஸில் ஷான்டியி அருங்காட்சியகத்தில். நடுவிலிருந்த பிரான்சிஸ் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் அருகே வில்லா இ தாத்தி என்ற மாளிகையில். லண்டன் 1934-இல் இந்த ஏழையும் வாங்கியது. அவற்றையாவது ஒன்றாகப் பார்க்க முடிவது பெரிய காரியம்.

புத்தகத்திலோ போனிலோ பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தின் மெல்லிய கோடுகளும், நாம் நகர நகர ஒளி மாறும் தங்கத்தகடும் நேரில்தான் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிவரை திறந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஓநாயிலிருந்து தொடங்குங்கள்.