மூச்சை ஊத வைத்து பி.பி. பவுடர் விற்கிறார்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

எங்கள் பக்கத்து ஊர்களில் கல்யாண மண்டபம் பிடித்து 'இலவச ரத்தக்குழாய் பரிசோதனை' நடத்துகிறார்கள். ஒரு டம்ளர் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு திரையில் வரும். என் அம்மாவுக்கு 62 வந்தது. "குழாயெல்லாம் திறந்துடுச்சும்மா, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று சொல்லி எல்-ஆர்ஜினைன் பவுடர் டப்பாவை 3,800 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். அம்மா தினமும் போடும் பி.பி. மாத்திரையான அம்லோடிபினை நிறுத்திவிட்டார். அப்புறம் தலைசுற்றி விழப்போய், ஆஸ்பத்திரியில் பார்த்தால் 190/110.

ஆர்ஜினைன் ஒரு அமினோ அமிலம். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முகாமில் அந்தப் பரிசைக் காட்டித்தான் ஆளை மயக்குகிறார்கள். ஆர்ஜினைன் சாப்பிட்டால் பி.பி. கொஞ்சம் இறங்கலாம் என்று ஆய்வுகள் சொல்வதும் நிஜம். ஆனால் அவற்றில் தினமும் 4 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். அம்மாவின் டப்பாவில் ஒரு ஸ்பூனுக்கு 1 கிராம்தான், மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. நிலக்கடலை 100 கிராமிலேயே ஏறக்குறைய 3 கிராம் ஆர்ஜினைன் இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த 62ஐ நினைத்துத்தான். ஊதும்போது வருகிற நைட்ரிக் ஆக்சைடு பெரும்பாலும் மூச்சுக்குழாயில் உண்டாவது. டாக்டர்கள் அதை ஆஸ்துமாவுக்காக அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு 25க்குள் இருந்தால் குறைவு. 50ஐத் தாண்டினால் மூச்சுக்குழாயில் அலர்ஜி வகை அழற்சி இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். பீட்ரூட்டும் கீரையும் சாப்பிட்டுவிட்டு ஊதினாலும் எண் ஏறும். அதை வைத்து பி.பி. கட்டுக்குள் வந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பனிக்காலம் வந்தால் அம்மாவுக்கு வீசிங் வரும். நெஞ்சு டாக்டரிடம் அனுப்ப வேண்டிய எண்ணுக்குக் கைதட்டி அனுப்பியிருக்கிறார்கள்! பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனையே எடுப்பதில்லை.

மாரடைப்பு வந்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். அமெரிக்காவில் மாரடைப்புக்குப் பிறகு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2006இல் வெளியானது. ஆர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், வெற்று மருந்து எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தப் பவுடர் சேர்ந்தால் பி.பி. ஒரேயடியாகக் கீழே போகவும் வாய்ப்புண்டு.

டப்பா ஏற்கெனவே வாங்கியிருந்தால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்க்கவும் மாத்திரை வாங்கவும் காசே வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், செவிலியரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.