பழைய காரின் ஏசி கம்ப்ரசர் கசிந்தால்: கேஸ் நிரப்புவதா, சீல் மாற்றுவதா, கம்ப்ரசரையே மாற்றுவதா?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரையின் ஏசி பட்டறைகளுக்கு வரும் பழைய கார்களில் பலவற்றின் குறை ஒன்றே: சென்ற ஆண்டு கேஸ் போட்டோம், சில வாரங்கள் நன்றாகக் குளிர்ந்தது, இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. கம்ப்ரசர் கசிகிறது என்று மெக்கானிக் சொன்ன பிறகு உரிமையாளர் முன் நான்கு வழிகள் நிற்கின்றன. மறுபடியும் கேஸ் நிரப்பலாம்; கம்ப்ரசரைக் கழற்றி சீல் மாற்றலாம்; கழித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய கம்ப்ரசரை வாங்கிப் பொருத்தலாம்; புதியதே போடலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு இவற்றில் எது தகும் என்பது விலையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடியதன்று.

முதலில் கசிவு கம்ப்ரசரில்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல. அது மூடிய சுற்றுக்குள் சுழல்வது. ஆண்டுக்கணக்கில் சிறிதளவு குறைவது இயல்புதான் என்றாலும், ஒரே கோடைக்குள் குளிர்ச்சி போய்விட்டால் எங்கோ வழி இருக்கிறது என்று பொருள். அந்த வழி கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் முன்பக்கக் கண்டென்சரில் கல்பட்ட இடமாகவோ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலாகவோ, குழாய் இணைப்பின் ரப்பர் வளையமான ஓ ரிங்காகவோ, கேஸ் ஏற்றும் வால்வின் ஊசியாகவோகூட இருக்கலாம். கம்ப்ரசரின் சுழலும் தண்டைச் சுற்றிக் கேஸ் வெளியேறாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் போயிருந்தால் அதற்குத் தெளிவான அடையாளம் உண்டு. கம்ப்ரசரைப் பெல்ட்டின் புல்லியோடு இணைத்துவிடும் மேக்னட் கிளட்ச் தட்டின் பின்னாலிருந்து, கம்ப்ரசரின் உராய்வைக் குறைக்கும் ஆயில் கசிந்து, சுழற்சியில் சிதறி, பெல்ட்டுக்கு நேர் மேலே பானட்டின் அடிப்பக்கத்தில் ஒரு கோடாகத் தெறித்திருக்கும். அதன் மீது புழுதி ஒட்டி, விரலால் தொட்டால் கருப்புப் பிசுக்காக வரும். கம்ப்ரசர் உடலின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது வேறு கசிவு. சோப்பு நுரை வைத்தோ, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றியோ, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் செலுத்தியோ கசியும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையாளரின் உரிமை.

கேஸை மட்டும் நிரப்புவது நான்கிலும் மலிவானதாகத் தோன்றும்; உண்மையில் கம்ப்ரசரை மெல்லக் கொல்லும் வழி அதுதான். கசியும் இடத்தின் வழியே கேஸோடு ஆயிலும் வெளியேறுகிறது. கேஸ் நிரப்புகிறவர் போன ஆயிலை அளந்து ஈடுசெய்வது அரிது. கேஸ் மிகவும் குறைந்த நிலையில் கம்ப்ரசர் ஓடினால் உறிஞ்சும் பக்கத்தின் அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கீழே இறங்கி, அதே ஓட்டை வழியாக ஈரக்காற்று உள்ளே புகும். இத்தகைய கார்களின் ஏசியில் வழக்கமாக இருக்கும் ஆர்134ஏ கேஸோடு பெரும்பாலும் பயன்படும் பிஏஜி என்ற செயற்கை ஆயில் ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்வது. அந்த ஈரம் அமிலம் உருவாக வழிசெய்து உள்ளே அரிப்பை உண்டாக்கும். மதுரை வெயில் இதை இன்னும் மோசமாக்குகிறது. வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போதே, திரவக் கேஸ் உள்ளே இருக்கும்வரை, 30 டிகிரியில் சுற்றுக்குள் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். 40 டிகிரியில் அது 130 பிஎஸ்ஐயைத் தாண்டும். மாட்டுத்தாவணியில் நிழலின்றி நாள் முழுதும் நிறுத்தப்பட்ட கார், ஏசி போடாமலேயே கேஸை இழந்துகொண்டிருக்கும். மேலும் ஆர்134ஏ புவியைச் சூடாக்கும் ஆற்றலில் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலிமையானது. அரைக் கிலோ கேஸ் வெளியேறுவது எழுநூறு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதற்கு நிகர். ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சீலன்ட் கலவைகளையும் நான் ஏற்பதில்லை. ஈரம் பட்ட இடத்தில் அவை இறுகி, கூலிங் காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடக்கூடும்.

சீல் மாற்றும் வழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய கார்களுக்கு மிகவும் பொருத்தமானதும், சரியாகச் செய்யப்படாமல் வீணாக கெட்ட பெயர் எடுத்ததும் இதுதான். கிளட்ச் தட்டையும் புல்லியையும் கழற்றி, முன்பக்கத்து வளையக் கிளிப்பை எடுத்தால் ஷாஃப்ட் சீல் வெளியே வரும். அப்போது பார்க்க வேண்டியது பழைய சீலை அல்ல, ஷாஃப்டை. சீலின் உதடு உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் விரைவில் கசியும். அங்கேயே வேலையை நிறுத்திவிட வேண்டும். ஷாஃப்ட் வழவழப்பாக இருந்தால், அதே கம்ப்ரசர் மாடலுக்கான சீலை ஆயில் தடவி, ஷாஃப்ட் முனையின் விளிம்பு கீறாதபடி உறை மாட்டி இறக்க வேண்டும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியைத் தரும் மெல்லிய வாஷர்கள் கழற்றும்போது தொலைந்துபோனால், கிளட்ச் வழுக்கியோ விடுபடாமலோ சூடாகும். வெளியே வடித்த ஆயில் இந்த வழியின் தலைவிதியைச் சொல்லிவிடும். தெளிவாக இருந்தால் உள்ளே நலம். சாம்பல் நிறத்தில், வெயிலில் பிடித்தால் மினுமினுக்கும் அலுமினியத் தூளோடு வந்தால் கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்கிறது, அதற்குச் சீல் போடுவது வீண் செலவு. பிந்தைய கார்களில் வரும், கொள்ளளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வகைக் கம்ப்ரசர்களுக்குத் தனிச் சீல் கிட் கிடைப்பது கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கழித்த வண்டியிலிருந்து எடுத்த கம்ப்ரசரைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்தோ உள்ளூரிலேயோ வாங்குவோர் உண்டு. இதன் குறை வெளிப்படையானது: நம் வண்டியின் சீலுக்கு எவ்வளவு வயதோ, அதன் சீலுக்கும் அவ்வளவே வயது இருக்கலாம். ஓடாமல் கிடந்ததில் சீல் காய்ந்திருக்கும். குழாய் வாய்கள் மூடப்படாமல் கிடந்தால் ஈரமும் தூசியும் உள்ளே போயிருக்கும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் புதியது கிடைக்காதபோது மட்டும் இதை எடுக்கலாம், அதுவும் பொருத்துவதற்கு முன்பே சீல்களை மாற்றி.

புதிய கம்ப்ரசர் செலவில் முதலிடம். ஆனால் உலோகத் தூள் வந்த வண்டிக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. சுப்ரோஸ், சாண்டன் போன்ற தயாரிப்பாளர்கள் இந்தியாவிலேயே இருப்பதால் பல மாடல்களுக்குப் பெயர் தெரிந்த பொருளே கிடைக்கும். ஆனால் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதாது. பழைய தூள் கண்டென்சரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவி, சுற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, புதிய கம்ப்ரசருக்குள் ஏற்கெனவே எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று பார்த்து மொத்த அளவைச் சரிசெய்யாவிட்டால், புதியதும் பழையதன் வழியே போகும். ட்ரையர் மாற்றிய சீட்டு இல்லாமல் உத்தரவாதம் செல்லாது என்று நிபந்தனை வைப்போரும் உண்டு. ஆர்134ஏவுக்கு முன்பிருந்த ஆர்12 கேஸில் ஓடிய மிகப் பழைய கார்களை ஆர்134ஏவுக்கு மாற்றும்போதும் இதுவே பாதுகாப்பான வழி. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக விலக்கப்பட்ட அந்தக் கேஸோடு பயன்பட்ட மினரல் ஆயிலும் ஆர்134ஏவின் பிஏஜி ஆயிலும் ஒன்றோடொன்று சேராதவை.

என் தேர்வு இது: ஆயில் தெளிவாகவும் ஷாஃப்ட் வழவழப்பாகவும் இருந்தால் சீல் மாற்றம், தூள் வந்தால், வண்டியை இன்னும் மூன்று நான்கு கோடைகள் ஓட்டுவதாக இருந்தால், புதிய கம்ப்ரசர், விரைவில் விற்கப்போகிறவர் வாங்குபவரிடம் குறையைச் சொல்லி விலையைக் குறைப்பதே நேர்மை.

எந்த வழியானாலும் கேஸ் ஏற்றுவதற்கு முன், சுற்றிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வேக்கம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, நிறுத்திய பின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஏறுகிறதா என்று நின்று பார்க்க வேண்டும்; ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. கேஸைப் பானட்டுக்குள் ஒட்டிய அட்டையிலுள்ள கிராம் அளவுப்படி எடைபோட்டே ஏற்றச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி தேவைப்படாத நாள்களிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அதை ஓட்டினால், ஆயில் சீலின் உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கும்.