ஹெர்ம்லே 451-050: பெட்டியை முதலில் செய்தவன் எழுதுவது

ஆளுயரக் கடிகார ஆசை எனக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில் தொற்றியது. தாத்தா அங்கே சமையல்காரர். பள்ளி லீவில் அவர் பின்னாலேயே போய்ச் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். கூடத்தில் அது அடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே போய்ப் பார்க்கத்தான் அனுமதி இல்லை. பினாங்கில் பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, சரி, நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

பெட்டிக்கு ஞாத்தோ மரம். நான்கு மாதம் இழைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு நிறுத்தியபோது ஜெலுத்தோங்கில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. அதற்கப்புறம்தான் உள்ளே வைக்க மெஷின் தேட ஆரம்பித்தேன். இதைவிடப் பெரிய மடத்தனம் இந்த வேலையில் கிடையாது.

ஏன் என்றால், பெட்டியின் இடுப்பு, அதாவது பெண்டுலம் ஆடும் நடுப்பகுதி, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதை எல்லாம் முடிவு செய்வது பெண்டுலம். பெண்டுலத்தின் நீளத்தை முடிவு செய்வது மெஷின். நான் இடுப்பின் உள் அகலத்தை 27 சென்டிமீட்டர் வைத்திருந்தேன், பார்வைக்கு ஒல்லியாக இருக்கட்டும் என்று. இணையத்தில் ஒருவரிடம் பழைய ஹெர்ம்லே 451-050 வாங்கினேன், ஜெர்மன் கம்பெனி செய்யும் கடிகார மெஷின். ‘அதிகம் ஓடாதது’ என்று சொல்லித்தான் விற்றார். கூடவே 21 சென்டிமீட்டர் வட்டு கொண்ட பெண்டுலம். மாட்டி ஆட்டிவிட்டேன். இடது சுவரில் டொக், வலது சுவரில் டொக். வட்டின் அகலத்தோடு இரண்டு பக்கமும் அது வீசிப் போகும் தூரத்தைக் கூட்டினால் 30 வருகிறது. அளவு நாடாவைப் பிடித்தே காலம் தள்ளியவன் நான். இதைக் கணக்குப் போடத் தோன்றவில்லை.

மெஷினின் பின்தகட்டில் குத்தியிருந்த எண்களை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 451-050 என்பது மாடல். 94 என்பது சென்டிமீட்டரில் பெண்டுலத்தின் மொத்த நீளம், தொங்கும் இடத்திலிருந்து அடி நுனி வரை. 66 என்பது நிமிடத்துக்கு எத்தனை ‘டிக்’. 81 என்பது செய்த வருடம், 1981. (1988 முதல் வருடத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து போட ஆரம்பித்துவிட்டார்கள்.) பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்னே பின்தகட்டின் படம் ஒன்றைக் கேளுங்கள். என்னைப் போல் கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள்.

சின்ன வட்டு போட்டும் அது ஒழுங்காக ஓடவில்லை. முக்கால் மணிக்கு இசைக்க ஆரம்பித்து, நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக் கடை. கடிகாரம் பழுது பார்க்கும் சீனத் தாத்தா. கண்ணில் லென்ஸை மாட்டி ஒரே ஒரு இடத்தைக் காட்டினார். சக்கரத்தின் அச்சுமுனை தேய்ந்து, அது உட்காரும் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. “எல்லாத் துளைக்கும் புஷ், சின்ன வளையம், போடலாம் தம்பி. நான் வாங்கும் கூலிக்கு நீ புதுசே வாங்கலாம்” என்றார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

தேய்ந்தது இசைக்கும் பக்கம் என்பதில் ஆச்சரியமும் இல்லை. இது இசைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு (லண்டன் பிக் பென் கடிகாரத்தின் மெட்டு) கால் மணிக்கு 4 சுரம், அரைக்கு 8, முக்காலுக்கு 12, முழு மணிக்கு 16. மணிக்கு 40, நாளுக்கு 960 அடி. மணி எண்ணிக்கையை அடிக்கும் சுத்தியலுக்கோ நாளெல்லாம் சேர்த்து 156 தான். அதனால்தான் சங்கிலியில் தொங்கி மெஷினை ஓட்டும் மூன்று குண்டுகளில் வலது பக்கத்துக் குண்டு மட்டும் கூடுதல் கனம். நடுக்குண்டு நேரத்துக்கு, இடது குண்டு மணி எண்ணிக்கைக்கு. வலது குண்டை மாற்றித் தொங்கவிட்டால் ஒழுங்காக ஓடாது.

புதிது வாங்குவது என்று முடிவானதும் மூன்று நாள் தூக்கம் போச்சு. மேல்தரம் வேண்டுமானால் ஜெர்மனியின் ஆல்டிங்கனில் செய்த கீனிங்கர் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். ஹெர்ம்லேயிலேயே 1161-853 என்று ஒன்று, சங்கிலிக்குப் பதில் கேபிளில் ஓடுவது, மூன்று மெட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேபிள் மெஷினுக்கு டயலில் மூன்று ஓட்டை போட்டு, கைப்பிடிச் சாவியால் முறுக்க வேண்டும். குண்டைத் தூக்கிக் கேபிள் தளர்ந்தால் உருளையில் சிக்கிக்கொள்ளும். என் டயலோ ஓட்டை இல்லாமல் ஏற்கெனவே தயார். மூன்று மெட்டில் ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன் என்று வீட்டுக்காரி சொன்னதும் சரிதான். பேட்டரியில் ஓடி, பெண்டுலம் சும்மா ஆடும் பொம்மை மெஷின்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கடைசியில் அதே 451-050, அதே 94, புதிது. ஜெர்மனியின் கோஷெய்மில் செய்தது. குண்டு, மணிக் கம்பி (சுத்தியல் தட்டி ஒலி எழுப்பும் கம்பி), கப்பல் கூலி எல்லாம் சேர்த்து 2,000 வெள்ளியைத் தாண்டியது. பழையது உட்கார்ந்த பலகையிலேயே, அதே துளைகளில் பொருந்தியதுதான் முதல் சந்தோஷம். 114 சென்டிமீட்டர் பெண்டுலம் என்றால் சரியாக நொடிக்கு ஒரு டிக், நிமிடத்துக்கு 60. அந்த நிதானம் அழகுதான், ஆனால் என் பெட்டியில் இடமில்லை. 16 சென்டிமீட்டர் வட்டு போட்டு இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி வைத்தேன்.

ஒரு வருடம் ஆகிறது. ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே நாளுக்கு 50 வினாடி பின்தங்கும் என்பதால் முதல் மாதம் பெண்டுலத்தின் அடியில் நீளத்தைச் சரிசெய்யும் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தேன். இப்போது வாரத்துக்கு அரை நிமிடத்துக்குள் நிற்கிறது. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எஃகுக் கம்பிப் பெண்டுலம் ஒரு டிகிரி சூட்டுக்கு நாளுக்கு அரை வினாடி மாறும். பனியும் வெயிலும் மாறிமாறி வரும் நாட்டில் அது தொல்லை. பினாங்கில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசமா இருக்கிறது? பெண்டுலத்தண்டு மரமாக இருந்தால்தான் நம் ஈரக்காற்றுக்கு வார்னிஷ் அவசியம். என்னுடையது மரத்தண்டு என்பதால் மூன்று கோட் போட்டேன்.

குறை ஒன்று: சங்கிலி. இழுக்கும்போது கரகர என்று சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றையும் இழுத்தால் எட்டு நாள் தாங்கும். தாத்தாவுக்கு உதவுகிறேன் என்று பேரன் குண்டைக் கையில் தூக்கிவிட்டான். சங்கிலி பல்லைவிட்டுக் கழன்றது. மாட்ட எனக்கு ஒரு மதியம் போனது. தொங்கும் முனையைத்தான் இழுக்க வேண்டும், குண்டைத் தொடவே கூடாது என்று இப்போது அவனே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான்.

இன்னொன்று சத்தம். கூடவே வரும் மணிக் கம்பிகளை முதலில் பிளைவுட்டில் திருகினேன். தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. ஜெலுத்தோங் மரப் பலகை ஒன்றை வாங்கி, அதில் கம்பிகளை இறுக்கிப் பின்னால் பொருத்தினேன். லேசான, நேரான மரம். ஊருக்குப் பேர் வைத்ததும் அந்த மரம்தானே. சத்தம் அப்படியே உருண்டு திரண்டு வந்தது. இப்போது சமையற்கட்டில் உட்கார்ந்தாலும் கேட்கிறது. கூடத்துக்குப் போய்ப் பார்க்கவும் யாரும் தடுப்பதில்லை.