ஏழு விசயம் காட்டுற மண் மீற்றர், வயலுக்கு வாங்கலாமா?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு பக்கம் போனா இப்ப கன கடையில இது தொங்குது, கையில பிடிக்கிற அளவு ஒரு டிஸ்பிளே, ஒரு வயர், நுனியில உருக்கு ஊசிகள். மண்ணில குத்தினா ஈரம், வெப்பம், பீஎச் (மண் புளிப்பா காரமா எண்டது), ஈசி (மின் கடத்துதிறன்), நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் எண்டு ஏழும் உடன வரும் எண்டு பெட்டியில போட்டிருக்கு. வவுனியாவில கமம் செய்யிற மாமா எங்கேயோ வீடியோ பாத்திட்டு "கொழும்பில கிடைக்குமாம், ஒண்டு எடுத்து விடு மருமோன்" எண்டவர். விலை இருபதாயிரத்துக்குக் கிட்ட வந்தது. அனுப்ப முதல் நானே கொஞ்ச நாள் வச்சுப் பாவிச்சுப் பாத்தன், பிறகு அவரும் ஒரு போகம் பாவிச்சிட்டார், அதால ரெண்டு பேரின்ர அனுபவத்தையும் சேத்துத்தான் எழுதுறன்.

பூச்சாடிக்கு நாலு ஸ்டார் குடுக்கலாம். சார்ஜ் நல்லா நிக்குது, வெயிலுக்க திரை தெரியுது, ஈரமும் வெப்பமும் சரியாத்தான் காட்டுது, பீஎச் கூட ஆய்வுகூட மீற்றருக்குப் பெரிசா தள்ளிப் போகேல்ல. வயலுக்கு ரெண்டு ஸ்டாருக்கு மேல குடுக்க மனமில்ல. காரணம் அந்த என்பிகே, அதாவது நைதரசன் பொஸ்பரஸ் பொட்டாசியம் நம்பர்தான்.

இந்த ஊசிக்கு நைதரசன் எது பொஸ்பரஸ் எது எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, இதுகளுக்கெண்டு அது அளக்கிறது மின் கடத்துதிறன் மட்டும்தான், மூண்டையும் அந்த ஒரு நம்பரில இருந்து கணக்குப் போட்டு எழுதுது. நம்பாட்டி ஒரு கப் தண்ணியில கறி உப்பு கொஞ்சம் கரைச்சு வச்சுக் குத்திப் பாருங்கோ, நைதரசன் பொஸ்பரஸ் பொட்டாசியம் மூண்டும் சேந்து ஏறும், உப்பில அதுகள் எங்க கிடக்கு. கடைக்கார அண்ணையிட்ட இதைச் சொன்னன், "உப்புக்கு வச்சுப் பாக்கிற சாமான் இல்ல தம்பி" எண்டார், சரிதான்.

தோட்ட மண்ணில இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணி கட்டின வயலில தலைகீழாப் போயிடும். கூட வேலை செய்யிற ஒருத்தருக்கு ஹோமாகம பக்கம் வயல் இருக்கு, பெரும்போகத்துக்கு உழ முதல் ஒருக்கா குத்தினம், பீஎச் 4.8, உடன புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்புத் தூள் எத்தினை மூட்டை எண்டு கதை தொடங்கிட்டுது. தண்ணி கட்டி ஒரு மூண்டு நாலு கிழமையால அதே இடத்தில 6.3. ஒருத்தரும் ஒண்டும் போடேல்ல. தண்ணி நிண்டா மண்ணுக்க ஒட்சிசன் ஒரு நாளுக்குள்ள முடிஞ்சிடும், பிறகு நுண்ணுயிர்கள் மூச்சுக்கு முதல் நைட்ரேட்டைப் பிடிக்கும், அது முடிய மங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட்டு, கடைசியா மீதேன் வரும். இரும்பு மாறேக்க அமிலத்தைத் தின்னும், அதால புளிச்ச மண்ணின்ர பீஎச் ஏறும். களர் மண், அதாவது காரமான மண், மற்றப் பக்கத்தால இறங்கும், கரியமில வாயு கூடுறதால. ரெண்டும் 6.5, 7 பக்கம் வந்து நிக்கும். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில இருந்த எங்கட நாட்டு பொன்னம்பெரும 1972இலயே இதை விளக்கமா எழுதிட்டார், மீற்றர் செய்தவன் வாசிக்கேல்லப் போல.

அதோட கரைஞ்ச இரும்பும் மங்கனீசும் களிமண்ணில ஒட்டியிருந்த கல்சியம் மற்றதுகளைத் தள்ளி விடும், கடத்துதிறன் ஏறும், உடன மீற்றர் "நைதரசன் கூட" எண்டு காட்டும். ஹோமாகம வயலில நம்பர் நல்லா இருந்த நேரத்தில இலையெல்லாம் செம்பு நிறப் புள்ளி, அது இரும்பு கூடின நோய், கொழும்பு களுத்துறை காலி பக்கத் தாழ்வான வயலுகளில வழமையா வாறது. அதுக்கு தண்ணியை வடிய விடோணும், பொட்டாசியம் குறையாமப் பாக்கோணும், இல்லாட்டி பொம்புவல நெல் ஆராய்ச்சி நிலையத்தில உருவாக்கின பிடபிள்யூ 267-3 மாதிரி தாங்கிற நெல் இனம் போடோணும். மீற்றரை நம்பி எம்ஓபியை, அதாவது பொட்டாசியப் பசளையைக் குறைச்சிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும்.

மாமாவின்ர பிரச்சினை வேற. அவரின்ர மண் கொஞ்சம் களர் பக்கம், அங்க பயப்பட வேண்டியது சிங்க் (நாகச் சத்து) குறையிறது, இளம் பயிரில இலை துரு நிறமாகிக் கட்டையா நிக்கும். இந்த ஏழில சிங்க் இல்ல. பொஸ்பரஸ் குறைவு எண்டு காட்டினதால ரிஎஸ்பி எண்ட பொஸ்பரஸ் பசளையைக் கூடப் போட யோசிச்சவர், நான்தான் மறிச்சன், ஏனெண்டா இரும்போட கட்டுப்பட்டுக் கிடக்கிற பொஸ்பேட் தண்ணி நிண்டாப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா விடுபடும். ஆய்வுகூடத்துக்குக் குடுக்கிற மண்ணையும் காய வச்சுத்தானே பாக்கினம், அதால அந்த ரிப்போட்டையும் வயல் மண்ணுக்கு அப்பிடியே எடுக்கேலாது, ஆனா அதில உண்மையான பொஸ்பரஸ் இருக்கு, இதில அதுகூட இல்ல.

யூரியாவுக்கு இது சுத்தமா உதவாது. 46 வீதம் நைதரசன் உள்ள சாமான், பச்சைப் பாசி பிடிச்ச தண்ணிக்கு மேல மத்தியானம் எறிஞ்சா அமோனியாவாப் பறக்கும், ஏனெண்டா பாசி பகல்ல அந்தத் தண்ணியின்ர பீஎச்சை 9க்கு மேலயும் கொண்டு போகும். காஞ்சு நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு கிடந்தா நைட்ரேட்டா மாறி வாயுவாப் போகும். தண்ணியை வடிச்சு சேத்தில போட்டு பிறகு கட்டுறதுதான் வழி, எப்ப போடுறது எண்டதுக்கு இலையின்ர பச்சையை ஒப்பிட்டு நம்பர் பாக்கிற இலை நிற அட்டை போதும். பிளாஸ்டிக் அட்டை, இந்த மீற்றரோட பாத்தா விலை ஒண்டுமில்ல. கடைசியா முழுசா விரிஞ்ச இலையை உங்கட நிழல்ல வச்சுப் பாக்கோணும், பத்து இலை எடுத்து, வீச்சு விதைப்பு வயலில அட்டை நம்பரின்ர சராசரி 3க்குக் கீழ போனா யூரியா. மாமா இப்ப அதைத்தான் பாவிக்கிறார்.

சேவை பற்றி: வாரண்டி ஆறு மாசம், ஆனா ஊசிக்கு இல்ல எண்டு பில்லுக்குப் பின்னால சின்ன எழுத்தில கிடக்கு. கறுத்த சேத்தில விட்டு எடுத்தா அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு படை ஒட்டும், உடன கழுவித் துடைக்காட்டி அடுத்த வாசிப்பு பிழைக்கும். மொட்டை மாடியில மிளகாய் வைக்கிற வெள்ளவத்தை ஆக்கள் வாங்குங்கோ, கேக்கேக்க கொஞ்சம் விலையும் குறைப்பாங்கள்.