மறுநாள் காலை குழாயைத் திறக்க யோசிக்க வைக்கும் படங்கள்

ஒரு பேய்ப் படம் தேறுமா தேறாதா என்று பார்க்கும்போதே நான் முடிவு செய்வதில்லை. மறுநாள் காலையில்தான் முடிவு. பல் தேய்க்கப் போகும்போது வீட்டில் ஏதாவது ஒரு பொருள், நேற்று வரை சும்மா கிடந்த பொருள், என்னை ஒரு நொடி நிற்க வைத்தால் படம் பாஸ். தியேட்டரில் நான்கு முறை அலறிவிட்டு வெளியே வந்து பரோட்டாவை நிம்மதியாகச் சாப்பிட முடிந்தால் ஃபெயில். திடீரென்று ஒரு முகத்தைக் காட்டி கூடவே காதைக் கிழிக்கிற சத்தம் போட்டால் யாரும்தான் துள்ளுவார்கள், பின்னால் நின்று பலூனை உடைத்தாலும் அதே துள்ளல்தான்.

இந்தக் கணக்கில் என் முதல் சிபாரிசு எப்போதும் ‘யாவரும் நலம்’தான். 2009இல் வந்தது, விக்ரம் கே. குமார் இயக்கம், மாதவன் நடிப்பு, ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். இந்தியிலும் சேர்த்தே எடுத்தார்கள், அங்கே பெயர் ‘13பி’. கடன் வாங்கி வாங்கிய புது ஃப்ளாட்டில் ஒரு கூட்டுக்குடும்பம் குடிவருகிறது. முதல் அரை மணி நேரத்தில் பேய் என்று எதையும் காட்ட மாட்டார்கள். பால் திரிந்துபோகும். பூஜை அறைச் சுவரில் சாமி படம் மாட்ட ஆணி இறங்காது. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது, வேறு யாராவது கூட ஏறினால் ஒழுங்காகப் போகும். அப்புறம் அந்த டிவி சீரியல். மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்க்கிற சீரியல், அதிலும் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது, அதில் இன்று நடப்பது இவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

இதில் எனக்குப் பிடித்ததே, படத்தில் பயப்படுகிற ஒரே ஆள் மாதவன்தான் என்பது. மற்றவர்களுக்கு அது வெறும் சீரியல். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் அடுத்து என்ன காட்டப் போகிறார்களோ என்று வியர்த்து வடிகிறார். நம் வீட்டு ஹால் அப்படியே அதில் இருக்கிறது. நான் இதை முதல்முறை பார்த்தது எங்கள் வீட்டு ஹாலில், அம்மாவோடு. மறுநாள் மதியம் அம்மா வழக்கம்போல் டிவியைப் போட்டுவிட்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார், பிறகு “இன்னைக்கு வேண்டாம்” என்று அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். எத்தனை வருட சீரியல் பழக்கம் தெரியுமா? அதைவிடப் பெரிய விருது அந்தப் படத்துக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. குறை என்றால் பாட்டுகள், முதல் பாதியில் கதைக்குக் குறுக்கே வந்து விழுகின்றன. ஓட்டிவிடுங்கள், எதுவும் இழக்க மாட்டீர்கள்.

அதே 2009இல் வந்த ‘ஈரம்’ எனக்கு இன்னும் ஒரு படி மேலே. அறிவழகனின் முதல் படம், தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். கதவுக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து வருகிற அந்த ஆரம்பத்தை யாராலும் மறக்க முடியாது. படம் முழுக்கத் தண்ணீர்தான் பேய். மழை, குழாய், குளியலறை, தேங்கி நிற்கிற குட்டை, எதுவும் விலக்கில்லை. மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவில் படமே ஒரு சாம்பல் நிறத்தில் நனைந்து கிடக்கும், அதற்கு நடுவில் எங்காவது சிவப்பு தென்பட்டால் நமக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். சத்தம் போடாமல் ஒரு நிறத்தை வைத்தே நம்மைப் பழக்கிவிடுகிறார்கள், பாதிப் படத்துக்கு மேல் நாமே சிவப்பைத் தேடி உட்கார்ந்திருப்போம்.

ஆனால் ‘ஈரம்’ ஏன் நிற்கிறது என்றால், அதில் செத்துப்போகிற பெண்ணின் முடிவுக்குப் பின்னால் இருப்பது அக்கம்பக்கத்து வாய். ஒரு ஃப்ளாட்டில் ஒரு பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள், மாடிப்படியில் ஒரு பார்வை, லிஃப்டில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், அது புருஷன் காதுக்குப் போகிறது. வாடகை ஃப்ளாட்டில் தனியாக இருந்த எந்தப் பெண்ணுக்கும் இது கற்பனை இல்லை. நான் வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்த காலத்தில், ஆபீஸ் வண்டி இரவு பதினொன்றரைக்குக் கொண்டுவந்து விடும்போது எதிர் ஃப்ளாட்டில் ஜன்னல் திரை ஒரு விரல்கடை விலகும். அந்தத் திரைதான் எனக்கு ‘ஈரம்’ படத்தின் பேய்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அங்கேயே இந்தப் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். மறுநாள் காலை குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாளி நிரம்பி விளிம்பில் தண்ணீர் வழியவா வேண்டாமா என்று நடுங்கிக்கொண்டு நின்றது. வாஷர் போன குழாய், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்குச் சமையலறையில்தான் முகம் கழுவினேன். அன்றிலிருந்து வாளியைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஊரிலிருந்து வந்த அம்மா பார்த்துவிட்டு, “ஏட்டி, வாளிய ஏன் கவுத்தி வச்சிருக்க, தண்ணி வரும்போது பிடிச்சு வைக்க வேண்டாமா?” என்று ஒரு வாரம் திட்டினார். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற வீட்டில் இப்படிச் செய்வது பைத்தியக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தனியாக இருப்பவர்களுக்கு இன்னொன்று, ‘கேம் ஓவர்’. 2019, அஸ்வின் சரவணன் இயக்கம், டாப்ஸி நடிப்பு. ‘மாயா’ எடுத்த அதே அஸ்வின்தான், ஆனால் இது அதைவிட இறுக்கம், சுமார் 1 மணி 40 நிமிடம்தான். காலில் கட்டோடு சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெண், வீட்டில் கூட ஒரு வேலைக்கார அம்மா, வாசலில் ஒரு காவலாளி, வெளியே யாரோ. முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று சிலர் மூடிவிட்டு ஓடுவார்கள், ஓடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நடந்த கொடுமையைக் காட்சியாகக் காட்டி நம்மை உட்கார வைத்து வேடிக்கை பார்க்க விடவில்லை. அதன் வடு எப்படி ஒவ்வொரு வருடமும் அதே நாளில் உடம்புக்குள் திரும்ப வருகிறது என்பதைத்தான் காட்டுகிறார்கள். இருட்டைக் கண்டால் மூச்சு முட்டுகிற அந்தக் காட்சியில் டாப்ஸி நடிப்பதாகவே தெரியாது. வினோதினி வைத்தியநாதன் செய்திருக்கிற காலம்மா பாத்திரத்துக்காகவும் பார்க்கலாம். தலைப்புக்கு ஏன் அந்தப் பெயர் என்பது பின்பாதியில் தெரியும், அதற்கு மேல் சொன்னால் பாவம்.

இனி ‘ராட்சசன்’. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, 2018இல் அந்தப் பரிசுப்பெட்டிப் பொம்மையைப் பார்த்துப் பயப்படாதவர் குறைவு. திரில்லராக நூற்றுக்குத் தொண்ணூறு. ஜிப்ரானின் இசை பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எனக்கு இரண்டு புகார் உண்டு. ஒன்று, கொலைகாரனின் முன்கதை. நோயையும் தோற்றத்தையும் காட்டி அதனால்தான் இப்படி ஆனான் என்று சொல்வது சோம்பேறித்தனம், அப்படித் தோற்றமுள்ள ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார் என்று யாராவது யோசித்தார்களா தெரியவில்லை. இரண்டு, முடிகிற மாதிரி போய் முடியாத அந்தக் கடைசிப் பகுதி. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, அது படத்தின் குற்றமில்லை. நான் பார்த்த அன்று பின்வரிசையில் ஏற்கெனவே பார்த்த ஒரு மகானுபாவர், கூட வந்தவரிடம் இடைவேளைக்கு முன்பே ஆளைச் சொல்லிவிட்டார். பாப்கார்னைத் தலையில் கொட்டலாமா என்று யோசித்தேன், அன்றைய விலைக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை இது, பெரியவர்களுக்கே அந்த ஆசிரியர் காட்சி கஷ்டம்.

பழைய படம் என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ‘அந்த நாள்’ போட்டுக் காட்டுங்கள். 1954, எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில்! ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், யார் சுட்டது என்று ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறார், ஆளுக்கொரு கதை. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட 1943 அக்டோபர்தான் பின்னணி. பண்டரிபாய் முகத்தில் கடைசியில் ஓடுகிற அந்தப் போராட்டத்துக்கு இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

‘மூடுபனி’யும் அப்படித்தான், ஆனால் அதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை. இளையராஜாவின் நூறாவது படம், பாலு மகேந்திரா இயக்கம், கேமராவும் அவரே. பனிக்குள் ஒரு வீடு, அதில் பிரதாப் போத்தன் கிட்டார் வாசித்துக்கொண்டு ‘என் இனிய பொன் நிலாவே’ பாடுகிறார், எதிரே அவர் கடத்திக்கொண்டு வந்த ஷோபா. எல்லோரும் அதைக் காதல் பாட்டென்று கல்யாண வீட்டில் போடுகிறார்கள். ஒருமுறை படத்தோடு சேர்த்துப் பாருங்கள், அப்புறம் எந்த மண்டபத்தில் கேட்டாலும் மணப்பெண்ணின் முகத்தைத்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். படம் 1980 கடைசியில் வந்தபோது ஷோபா உயிரோடு இல்லை. அது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பது வேறு மாதிரி கஷ்டம்.

மிஷ்கினின் ‘பிசாசு’ பயமுறுத்தாது, அதற்காகவே சிலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால் அது பேய்ப் படமே இல்லை, துக்க வீடு. ‘டிமான்ட்டி காலனி’ முதல் பாகம் பார்க்கலாம், நான்கு பேரை ஒரே அறைக்குள் அடைத்துவிட்டு நன்றாகவே விளையாடியிருக்கிறார்கள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் அந்தக் காலனி நிஜமாகவே இருக்கிறது என்பது கூடுதல் சுவை. ‘பீட்சா’ தெரியாதவர் இல்லை.

பக்கத்து ஊர்க்காரர்களிடம் வந்தால், மலையாளத்தில் ராகுல் சதாசிவன் என்று ஒருவர் இருக்கிறார், பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘பிரம்மயுகம்’ 2024இல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்தது. பாழடைந்த மாளிகை, மூன்றே மூன்று ஆண்கள், பகடை, மம்முட்டியின் சிரிப்பு. பசியோடு வந்தவனுக்குச் சோறு போட்டு ஒருவனை அடிமையாக்கிவிட முடியும் என்பதை இவ்வளவு அமைதியாக எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை. இதைப் பார்ப்பதற்கு முன் டிவி செட்டிங்ஸில் போய் காட்சியின் அசைவை வழவழப்பாக்குகிற அந்த மோஷன் ஸ்மூத்திங் சமாச்சாரத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மம்முட்டியும் மதியச் சீரியல் மாதிரிதான் தெரிவார். விளக்கையும் அணைக்க வேண்டும். போனில் பார்ப்பதாக இருந்தால் பார்க்கவே வேண்டாம்.

அதே இயக்குநரின் ‘பூதகாலம்’ 2022இல் நேராக ஓடிடிக்கு வந்தது. ரேவதி, ஷேன் நிகம், ஒரு வீடு. பாட்டி இறந்துபோன வீட்டில் அம்மாவும் வேலை கிடைக்காத மகனும் மட்டும். இருவருக்கும் பேச்சு சரியில்லை, அவன் சொல்வதை இவர் நம்பவில்லை, இவர் நிலைமையை அவன் கேட்கவில்லை. கதவு தானாகத் திறப்பதெல்லாம் அப்புறம், இரவு சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வாய் திறக்காமல் இருக்கிற வீடுதான் முதலில் பயமுறுத்துகிறது. கடைசி இருபது நிமிடம் ஹெட்போனில் கேட்டேன், ஒரு பக்கக் காதில் மட்டும் ஏதோ நகர்கிற மாதிரி இருந்ததும் கழற்றிவிட்டேன்.

இதை மட்டும் அம்மாவோடு பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா டிவியைப் பார்த்தபடியே, “உனக்கும் ராத்திரி தூக்கம் வராம இருந்துச்சே, அந்த வேளச்சேரி வீட்டுல, ஏன்ட்ட ஏன் சொல்லல?” என்றார். நான் வாளி கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, எழுந்து போய் ஹால் விளக்கைப் போட்டுவிட்டுப் பால் காய்ச்சினார்.