மல்பெரி செடி நல்லா இருக்கு, லேபிள்தான் தப்பு (சிங்கப்பூர் சுங்கை தெங்கா பக்கம் ஒரு நர்சரி)

4/5

ஊர்ல முசுக்கொட்டைன்னு சொல்வாங்களே, அந்தச் செடிதான். இடுப்பளவு உயரம், 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேர் நல்லா பிடிச்சிருந்துச்சு, மாவுப்பூச்சி இல்ல, கடைக்கார அங்கிள் பொறுமையா எல்லாம் சொல்லிக் குடுத்தாரு, செடில ஒரு குறையும் இல்ல.

ஆனா அதுல ‘பிளாக் மல்பெரி, மோரஸ் நைக்ரா’ன்னு பெருசா எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல. பழம் கருப்பா இருந்துட்டா நைக்ரா ஆயிடுமா? 1753ல செடிகளுக்கு லத்தீன் பேர் வச்ச லின்னேயஸ் ஆல்பா (வெள்ளை), நைக்ரா (கருப்பு), ரூப்ரா (சிவப்பு)ன்னு கலர வச்சே பேர் போட்டுட்டாரு, அதுலேர்ந்து எல்லாரும் பழத்தோட கலர பாத்துதான் இனத்த சொல்றாங்க. ஆல்பா மரத்துலயே வெள்ளை, ரோஸ், நல்ல கருப்புன்னு எல்லா பழமும் வரும். நிஜ நைக்ரா இலை தொட்டா சொரசொரன்னு இருக்கும், பழம் காம்பே இல்லாத மாதிரி கிளையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதோட அது குளிர்காலம் வர்ற ஊர் மரம், நம்ம சிங்கப்பூர் சூட்டுல பழம் எதிர்பாக்க முடியாது. இவங்ககிட்ட இருக்கிறது வழவழ இலை, காம்போட தொங்குற பழம், அதாவது ஆல்பா வகையறா. உள்ளுக்குள்ளயும் ரெண்டும் ரொம்ப தூரம், ஆல்பாவுக்கு குரோமோசோம் வழக்கமா 28, நைக்ராவுக்கு 308! தர்மபுரி பக்கம் பட்டுப்புழுவுக்கு வளக்கிறாங்களே, அங்கெல்லாம் பேசப்படுற இண்டிகாங்கிற மல்பெரிய சிலர் தனி இனம்ங்கிறாங்க, சிலர் ஆல்பாவோட சேத்துடுறாங்க, அந்தளவுக்கு குழப்பம் இருக்கிற குடும்பத்துல கடைக்காரங்க லேபிள் எழுதும்போது கொஞ்சம் கவனமா இருந்தா என்ன?

பக்கத்துலயே விரல் நீளத்துக்கு பழம் காய்க்கிற பாகிஸ்தான் மல்பெரி வச்சிருந்தாங்க, அதுக்கு மோரஸ் மக்ரூரான்னு பேர் சரியா போட்டிருந்தாங்க, அது பெரிய மரமா போகும், காரிடாருக்கு சரிப்படாது.

எச்டிபி அடுக்குமாடி வீட்டுக்கு இந்த 18 வெள்ளி செடியே போதும், தாராளமா வாங்கலாம். கிளைய கவாத்து பண்ணி இலைய உருவி விட்டீங்கன்னா புதுத் துளிர் வரும்போதே பழமும் சேந்து வருது, இங்க வருஷம் பூரா இப்படி எடுக்கலாம். வெட்டினா பலா மாதிரியே பால் வடியும், ரெண்டும் ஒரே குடும்பம்தான். பழம் பறிச்ச அன்னைக்கே சாப்பிட்டுடணும், வச்சா கொழகொழன்னு ஆயிடும். தொட்டிக்கு அடியில தட்டு வச்சா தண்ணிய தினம் கொட்டிடுங்க, டெங்கி செக்கிங் வருவாங்க.