லினக்ஸ் எசென்ஷியல்ஸ் சான்றிதழ்: பள்ளி செல்லும் தன்னார்வலருக்கு எவ்வளவு உதவும்?

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளை அறிமுகப்படுத்தப் பள்ளிக்குள் நுழையும் தன்னார்வலரிடம் தலைமையாசிரியர் முதலில் கேட்பது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பற்றியன்று, "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்பதைத்தான். அதற்குக் காட்ட ஒரு தாள் இருக்கட்டும் என்றே லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிடியூட் நடத்தும் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் தேர்வை எழுதினேன்.

60 நிமிடம், 40 வினாக்கள், 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. பாடங்களை அந்நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருவதால் பயிற்சி மையத்துக்குச் செலவில்லை; ஆனால் பேருந்துக் கட்டணத்தையே கைக்காசிலிருந்து போடும் தன்னார்வலருக்குத் தேர்வுக் கட்டணம் சற்றுக் கனம்தான். ஒருமுறை பெற்ற சான்றிதழுக்குக் காலாவதி இல்லை என்பது ஆறுதல்.

பாடத்திட்டத்தில் உண்மையாகவே பயன்பட்டது உரிமங்கள் பற்றிய பகுதி. கட்டற்ற மென்பொருள் உரிமங்களுள் ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலை மாற்றி வெளியிடுபவர் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், பிஎஸ்டி உரிமத்தில் அக்கட்டாயம் இல்லை என்பது போன்ற உரிம விதிகளை ஊன்றிப் படித்திருந்ததால்தான், "இப்போது சும்மா கொடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்துப் பணம் கேட்பார்களா?" என்று ஒரு கணினி ஆசிரியை கேட்டபோது, பள்ளியில் நிறுவிய பதிப்புக்குக் கொடுத்த உரிமையை அப்படித் திரும்பப் பெற முடியாது என்று தடுமாறாமல் விளக்க முடிந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரியும், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், மாற்றலாம் என்று வரையறுக்கும் கோப்பு அனுமதிகளும். எட்டாம் வகுப்பின் முன் நிற்பவருக்கு கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை எப்போது கைகொடுக்கும் என்று தெரியவில்லை. அங்கே தேவைப்படுவது தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பதும், பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளை யூனிகோடுக்கு மாற்றிக் காட்டுவதும்தான். கற்பிக்கும் திறனை அளக்கும் வினா ஒன்றுகூட இல்லை. தேர்வைத் தமிழில் எழுதவும் வழியில்லை.

ஒரு பள்ளியில் அந்தத் தாளை நீட்டினேன். தலைமையாசிரியர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த யுனிவர்சிட்டி சார்?" என்றார். சரிபார்ப்பு எண்ணை இணையத்தில் இட்டால் உண்மை தெரிந்துவிடும் என்றதை அவர் காதில் வாங்கவில்லை. அடுத்த உறையில், கல்லூரி நாட்களில் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளிப் பாடத் திட்டத்தில், லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்காகப் பெற்ற சான்றிதழ் இருந்தது. 'ஐஐடி' என்ற சொல்லைக் கண்டதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். செலவே இல்லாமல் வந்த தாள் கதவைத் திறந்தது. ஏறக்குறைய பத்து பத்து நிமிடமாக அமைந்த அத்திட்டத்தின் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைப்பதால், அன்று வகுப்பிலும் அவற்றையே ஓடவிட்டேன்.

கணினி அறையைப் பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்பவராயின் லினக்ஸ் எசென்ஷியல்ஸ் எழுதலாம். பேசவும் விளக்கவும் மட்டுமே செல்பவருக்கு, கட்டளை வரியை விட்டுவிட்டு உரிமங்கள், கூட்டுப்பணி ஆகியவற்றை மையமாகக் கொண்டு அதே நிறுவனம் பின்னர் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் எசென்ஷியல்ஸ் கூடுதலாகப் பொருந்தும். அதற்கும் 40 வினாக்கள், 60 நிமிடம்தான்.